பத்து மணிக்கு எண்ணிய பாலம்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலமா? நகராட்சி இன்ஜினியர் ஆனதிலிருந்து அக்காவுக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை. போகட்டும். ரயில் பாதைமேல் இருக்கும் நடைபாலத்தை இந்த மாதக் கடைசியில் இடிக்கப் போகிறீர்களாமே? 'பயன்படுத்துவோர் மிகக் குறைவு' என்ற அறிக்கையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

நாளைக்கு வரும் என் வாரப் பத்திரிகையில், முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுகிறேன். 'இந்தப் பாலத்தில் எப்போது, எதற்காக நடக்கிறீர்கள்?' வாசகர்கள் எழுதி, வெட்டி அனுப்பட்டும். யார்தான் நடக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஆவல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

முதல் பக்கம் பாதி வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, அச்சகத்தில் மை தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். வெயிலில் நின்று நானேதான் எண்ணினேன். பத்து மணி முதல் நான்கு மணி வரை முப்பத்தொரு பேர். என் வேலைக்கு உலை வைக்காதே. மேலதிகாரி எல்லோர் முன்னாலும், "உங்க அக்கா பத்திரிகைதானே சார்?" என்று கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கொஞ்ச நாளைக்கு நீ வீட்டுக்கு வர வேண்டாம்.

தம்பி

மார்ச் 15

வாலு,

வரவில்லை. வந்த கட்டங்களை மட்டும் அனுப்புகிறேன், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பதினேழு பேர் இடிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் போடுவேன். மருத்துவமனையைப் பெருக்கித் துடைக்கும் ஓர் அம்மா காலை ஐந்தரைக்குப் போகிறார். தொழிற்சாலைக்காரர்கள் ஆறு மணிக்கு. ஒருவர், 'என்னை யாரும் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை, எழுத்து சுமாராத்தான் இருக்கும்' என்று எழுதியிருக்கிறார். படித்ததும் அழுதுவிட்டேன்.

நீ எண்ண ஆரம்பித்ததோ பத்து மணிக்கு. உனக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். எழுதினால் போடுவேன்; தம்பி என்பதற்காக முதலில் போட மாட்டேன். எழுதாவிட்டாலும் நீ என் தம்பிதான்.

அக்கா

மார்ச் 20

இந்தப் பாலத்தில் எப்போது, எதற்காக நடக்கிறீர்கள்?

நேற்று காலை ஐந்து மணிக்கு, மறுபடியும் எண்ணுவதற்காக. ஏழு மணிக்குள் நானூற்று ஆறு பேர். ஓர் அம்மா நின்று, "என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். இல்லை, தப்பான நேரத்தில் எண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான். திரும்பப் பெறச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். கேள்வி இருப்பவர்கள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பாலத்துக்கு வாருங்கள். நிற்பேன்.

நகராட்சி இன்ஜினியர்

அக்கா, இடம் போதாமல் ஓரத்தில் எழுதுகிறேன். கடைசியாகவே போடு, ஆனால் ஒரு வார்த்தையும் திருத்தாதே. திங்கட்கிழமை நீயும் வா. எல்லோரும் கேட்டு முடித்ததும் வீட்டுக்குப் போகலாம்.