பலூன் என்று எழுதிக்கொள்ளுங்கள்

திருவெறும்பூர்
14.9.2025

அன்பு மகள் ரேஷ்மாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உன் அம்மா சொல்லத்தான் போகிறாள். அவள் வாயால் கேட்டால் நான் இன்னும் கொஞ்சம் அசடாகத் தெரிவேன்.

உன் தம்பி அரவிந்தன் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க ஸ்ரீரங்கம் போயிருந்தேன். நம் ஹனீஃபா பாய் ஆட்டோதான். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம், பொழுது சாய்கிற நேரம். ஆற்றுக்கு மேலே ஒரு வெளிச்சம். நகரவில்லை. நட்சத்திரம் இவ்வளவு கீழே வராது, விமானம் இப்படி நிற்காது. நீ அங்கே அமெரிக்கப் பட்டாளத்தாரின் பறக்கும் தட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்கிற வேலைக்குப் போனதிலிருந்து எனக்கும் வானத்தின் மேல் ஒரு கண். "பாய், நிறுத்துங்க! பறக்கும் தட்டு!" என்று கத்திவிட்டேன்.

பாலத்தில் வண்டியெல்லாம் நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பெரியவர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வெளிச்சம் மெல்ல இறங்கி எங்கள் தலைக்கு மேலேயே வந்து குளவி மாதிரி இரைந்தது. கீழே படித்துறையில் பட்டுப்புடவை கட்டிய பெண், கோட்டுப் போட்ட பையன், ஒரு கேமராக்காரன். கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுக்கிற வீடியோவாம். டிரோன். கேமராக்காரன் கீழேயிருந்து கத்துகிறான்: "அங்கிள், ஃபிரேம்ல நிக்காதீங்க!"

ஹனீஃபா பாய் வீட்டு வாசல்வரை கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். இறங்கும்போது, "சார், அடுத்த தட்டு வந்தா பாலம் தாண்டினப்புறம் சொல்லுங்க" என்றார்.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். வீடியோ காலில் உன் அம்மா முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். என் பங்குக்கு வருவது என் வழுக்கையும் மின்விசிறியும்தான். மாப்பிள்ளை முரளிதரன் முகம்கூட அதில் வந்து ரொம்ப நாளாயிற்று. வேலை அதிகமாக இருக்கலாம்.

ஜனவரி இருபத்தெட்டு முகூர்த்தம். இரண்டு பேரும் இப்போதே லீவு சொல்லிவையுங்கள். தம்பி கல்யாணத்தில் நாத்தனார் இல்லாமல் தாலி ஏறாது.

அன்புடன்,
அப்பா

*

டேட்டன், ஒஹாயோ
6.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மதியம் சாப்பிடும்போது படித்தேன். சிரித்ததில் புரையேறிவிட்டது. இங்கே யாரும் தலையில் தட்டமாட்டார்கள், தண்ணீர்க் குப்பியை நகர்த்தி வைப்பதோடு சரி.

நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஸ்கேன் செய்கிற பெட்டிகள் முழுக்க உங்களைப் போன்றவர்கள்தான். வயலில் நின்றவர், பால் வண்டி ஓட்டியவர், விமானமே ஓட்டியவர். எல்லோரும் எதையோ பார்த்துக் கத்தியவர்கள். எழுபது வருஷத்துக்கு முன் அவர்கள் விமானப்படைக்கு எழுத, விமானப்படை ஒரு படிவம் அனுப்பும். கையை நீட்டி ஒரு காசைப் பிடித்தால், பார்த்தது அதைவிடப் பெரிதா, சிறிதா? ஒலி உண்டா? படம் வரையவும். மாநிலம் மாநிலமாக வந்து குவிந்ததை, நான் பார்க்கும் பெட்டிகளில், ஒரு கேப்டனும் ஒரு சார்ஜெண்டும் ஒரு டைப் அடிக்கிற பெண்ணும் சமாளித்திருக்கிறார்கள். மேலிடத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'என்னவென்று தெரியவில்லை' என்ற கணக்கு குறைய வேண்டும். அதனால் வெள்ளி கிரகம், பறவைக் கூட்டம், விமானம், இல்லாவிட்டால் பலூன். பெரும்பாலும் பலூன்.

சுவாரசியமான வேலை என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாளாம். அப்படியெல்லாம் இல்லை அப்பா. காகிதத்தை வைப்பது, விளக்கு ஓடுவது, எடுப்பது. சாயங்காலம் கண்ணை மூடினாலும் அந்த விளக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் ஒரு பண்ணைக்காரரின் மனைவி எழுதிய கடிதம் கிடைத்தது. அவள் பார்த்தது பலூன் என்று அந்த கேப்டன் எழுதியிருக்கிறார். அதற்கு அவள் பதில்: "சரி, பலூன் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டுமே." அதை ஸ்கேன் செய்துவிட்டு மறுபடி ஒரு தடவை எடுத்துப் படித்தேன்.

லீவு பற்றி இன்னும் கேட்கவில்லை. அவர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

அன்புடன்,
ரேஷ்மா

*

திருவெறும்பூர்
28.10.2025

அன்பு மகளுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. உன் அம்மா செய்த அதிரசத்தைக் கடிக்கப்போய் என் கடைவாய்ப் பல் கொஞ்சம் உடைந்தது. அதிரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குப் போனில் மாப்பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டதற்குக் குளிக்கிறார் என்றாய். ஒரு மணி நேரம் பேசினோம், நீ போனை வைக்கிறவரை அவர் குளித்துக்கொண்டே இருந்தார். அங்கே தண்ணீருக்கு மீட்டர் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் அம்மா, "அங்க ஒரே பனியில்ல, சுடுதண்ணியில நிக்கத்தான் தோணும்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

உன் பெரியத்தை எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்திருந்தாள். அவள் விடவில்லை. "முரளி ஏன்டா ஒரு போட்டோலயும் இல்ல?" என்றாள். போட்டோ எடுக்கிறதே அவர்தான் என்றேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. உன் கேப்டனுக்கு ஆள் தேவைப்பட்டால் என் பெயரைச் சொல், பாக்டரியில் இருந்ததைவிட நன்றாக வேலை செய்வேன்.

இப்போது அவசரமான விஷயம். பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்பதன் கீழே முதல் வரி நீங்கள்தான்: ரேஷ்மா – முரளிதரன். அவர் படிப்பை எப்படிப் போடுவது, எம்.எஸ். மட்டும் போதுமா, அமெரிக்கா என்று சேர்க்க வேண்டுமா, கேட்டு எழுது. அவர் பெயரில் பிழை வந்தால் சம்பந்தி வீட்டார் சும்மா விடமாட்டார்கள்.

உன் கடிதத்தில் 'அவர் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்' என்ற வரியில் மட்டும் கையெழுத்து ரொம்ப அழகாக இருந்தது. மற்றதெல்லாம் வழக்கம்போலக் கோழி கிளறினது.

அப்பா

*

டேட்டன்
17.11.2025

அப்பா,

இதை அம்மாவிடம் காட்டாதீர்கள்.

இந்தப் பெட்டிகளில் ஒரு வழக்கம் பார்த்தேன். ஒவ்வொரு சம்பவத்தின் தாளிலும் 'பலூனாக இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கும். வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி மேலிடத்துக்கு அனுப்பும்போது 'இருக்கலாம்' விழுந்துவிடும். வெறும் பலூன். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏப்ரலில் அவர் வேறு ஊர் வேலைக்குப் போனபோது, கொஞ்ச நாளில் சரியாகிவிடலாம் என்று நினைத்தேன். அதனால் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜூனில் சொல்ல நினைத்தேன், அப்போது தம்பிக்குப் பெண் அமைந்திருந்தது. ஆகஸ்டில் வக்கீல் காகிதம் வந்தது. சண்டை ஒன்றுமில்லை அப்பா. அவர் என்னை அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ரொம்ப நாளாகப் பேசாமல் இருந்தோம், பிறகு ஒருவர் கிளம்பினார். அவர் உங்களைக் கேட்டதாகச் சொல்லவில்லை. குளிக்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பெண் வீட்டார் முன்னால் ஒவ்வொருவரும் 'மாப்பிள்ளை எங்கே' என்று கேட்பார்கள். அரவிந்தன் கல்யாணம் என் விசாரணையாக ஆகிவிடும். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். முடிச்சுப் போட பெரியத்தை மகள் இருக்கிறாள்.

பத்திரிகையில் எங்கள் இருவர் பெயரையும் போட்டுவிடுங்கள். அதுதான் எல்லோருக்கும் சுலபம். பலூன் என்று எழுதிக்கொள்ளுங்கள் அப்பா. உங்களுக்கும் ஓய்வு வேண்டும்.

ரேஷ்மா

*

திருவெறும்பூர்
5.12.2025

ரேஷ்மா கண்ணு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது வாசலில் நின்றிருந்தேன். படித்துவிட்டு அங்கேயே கொஞ்சம் நின்றேன். அவர் அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்பி வந்து, "சார், கையெழுத்து ஏதாவது பாக்கியா?" என்று கேட்டார்.

நான் பெரிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. எட்டாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவனுக்கு இதற்கெல்லாம் வார்த்தை தெரியாது. கோபம் வருகிறதா என்று பார்த்தேன். உடம்பெல்லாம் அசதிதான் வந்தது, மூன்று ஷிப்டு சேர்த்துப் பார்த்த மாதிரி. இத்தனை மாசம் தனியாக அதைத் தூக்கிக்கொண்டு நீ எப்படி வேலைக்குப் போய் வந்தாய்?

மறுநாள் பிரஸ்ஸுக்குப் போனேன். புரூப் ஏற்கெனவே தயாராக இருந்தது. ரேஷ்மா – முரளிதரன் என்று கொட்டை எழுத்தில். நான் பேனா வாங்கி, நடுக்கோட்டிலிருந்து பின்னால் இருந்த பெயரை அடித்துவிட்டேன். "வெறும் ரேஷ்மாவா சார்?" என்றார் பிரஸ்காரர். வெறும் ரேஷ்மாதான் என்றேன். உன் பெயர் அந்த இடத்தில் தனியாக நன்றாகத்தான் இருந்தது.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. உன் அம்மா ஒரு பத்திரிகையை எடுத்து மஞ்சள் தடவ உட்கார்ந்தாள். அந்த வரியில் விரல் நின்றுவிட்டது.

"பிரஸ்காரன் விட்டுட்டான் சித்ரா" என்றேன். "மறுபடி அடிக்க நேரமில்ல."

அவள் நிமிரவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கும் தடவினாள். பிறகு, "நல்ல பிரஸ்காரன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவ வருவாளான்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் கேக்காதீங்க."

ஆக உன் கடிதத்தை நான் காட்டவில்லை. காட்ட வேண்டியும் இருக்கவில்லை. பனியில் சுடுதண்ணீர் என்று அவள் சொன்னாளே, அதுவும் பலூன்தான் போலிருக்கிறது. இந்த வீட்டில் ஒரே ஆபீசில் இரண்டு கேப்டன்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் பைலை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

முதல் முடிச்சுத் தம்பி போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. அதற்கு இரண்டு கை வேண்டும். இரண்டும் உன்னுடையதாக இருந்தால் போதும், மூன்றாவது கைக்கு அங்கே வேலையே இல்லை.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல விசா, பனிப்புயல், மேலதிகாரி என்று ஒரு மூட்டை தயார் செய்து வைத்திருக்கிறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம். வா.

அப்பா

*

திருவெறும்பூர்
9.2.2026

அன்பு மகள் ரேஷ்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்ததாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாயாம். சந்தோஷம். உன் அறையில் போர்வை மடித்தபடியே இருக்கிறது. நான் மடிக்கவில்லை என்பதால் அது ஒழுங்காக இருக்கிறது.

அரவிந்தனும் பெண்ணும் மறுவீடு முடிந்து வந்துவிட்டார்கள். அந்தப் பெண் நேற்று என்னிடம், "அண்ணி முடிச்சுப் போடறப்ப கை நடுங்கவே இல்ல மாமா, எனக்குத்தான் நடுங்குச்சு" என்றாள். நானும் பார்த்தேன். அம்மா பின்னால் நின்று விளக்கைப் பிடித்திருந்தாள். நடுங்கினது அந்தச் சுடர்தான்.

பந்தியில் உன் பெரியத்தை கேட்டாளே, "மாப்பிள எங்கடி?" என்று. நான் மூட்டையை அவிழ்க்க எழுந்தேன். அதற்குள் நீ, "நாங்க சேந்து இல்ல அத்த" என்று சொல்லிவிட்டு, ரசம் கேட்டாய். ரசமும் வந்தது. ஒரு கோபுரமும் சாயவில்லை. அத்தை தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து உன் இலையில் வைத்தாள். என் பனிப்புயல் எல்லாம் சட்டைப்பையிலேயே கிடந்து, வேட்டி சட்டையோடு சலவைக்குப் போய்விட்டது.

ஆனால் உன் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு, வந்த அன்றும் இருந்தது, போன அன்றும் இருந்தது. பத்து நாள் தூங்கிச் சரியாகிற அசதி இல்லை அது. எனக்குத் தெரியும்.

ஏர்போர்ட் வாசலில் நீ திரும்பி, "ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டாய். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டாயா என்றேன். அது உன் கையிலேயே இருந்தது. நீ அதை ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. ஹனீஃபா பாய் வெளியே புதுக்கோட்டை ரோட்டோரம் ஆட்டோவை நிறுத்தியிருந்தார். அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டாள். உன் விமானம் கிளம்பட்டும் என்று நான் ஏறவில்லை. வெளிச்சம் மங்குகிற நேரம். விமானம் ஓடி எழும்பித் திரும்பியது. கொஞ்சத்தில் இறக்கையும் வாலும் தெரியவில்லை, ஒரு விளக்கு மட்டும். கையை நீட்டி ஒரு ரூபாய்க் காசைப் பிடித்துப் பார்த்தேன். காசு எவ்வளவோ பெரிதாக இருந்தது.

பாய் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் மேலே பார்த்தார். "என்ன சார், இதுவும் பறக்கும் தட்டா?"

"பலூனா இருக்கும் பாய்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது மறைகிறவரை அவர் வண்டியை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. வாய்வரை வந்து நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அது என் பொண்ணு பாய், அவள இங்கேயே இருந்துடுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல.

அப்பா
ரெங்கராஜ்