திமிங்கில மேசையின் விளிம்பு

பிப்ரவரி 3
டேகு ஊர்ச் சம்பந்தி, எங்கள் பேத்தி டான்பிக்கு ஒரு குட்டிச் சாப்பாட்டு மேசை வாங்கி அனுப்பியிருக்கிறாள். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மருமகள் அதைத் தன் வீட்டு நடுக்கூடத்தில் வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று.
"டேகு பாட்டி மேசைல என் மூஞ்சி தெரியுது. உன் மேசை முள்ளு குத்துது" என்கிறாள் டான்பி. இன்னும் ஐந்து வயது முடியவில்லை. நாக்கு மட்டும் அம்மா வழி.
கல்யாணத்தில் நான் தைத்துக் கொடுத்த மெத்தையைத் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கே, மடிக்க சௌகரியம்" என்றவள்தானே இந்தச் சம்பந்தி. மறப்பேனா?
மார்ச் 2 பிறந்தநாள், இங்கே என் வீட்டில். அவளும் வருகிறாள், அந்த மேசையும் வருகிறதாம். பிறந்தநாள் கடற்பாசிச் சூப்பைக் குழந்தை என் மேசையில்தான் குடிக்க வேண்டும்.

பிப்ரவரி 5
டான்பி அறைச் சுவருக்கு ஒட்டிய திமிங்கிலக் காகிதத்தில் மிச்சம் ஒரு சுருள் இருந்தது. மகனிடம் கேட்டு வாங்கிவந்தேன். என் பழைய மேசைமேல் ஒட்டப்போகிறேன். காகிதமாயிற்றே, சூப் கொட்டினால்?
சாமான் கடைக்காரன் பியோன் சிரித்தான். "நிறமில்லாத வார்னிஷ்லயே பல தினுசு இருக்கு, பெரியம்மா. எது ஒத்துவரும்னு பூசிப் பாத்தாதான் தெரியும்."
மரத்துண்டுகளில் காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10
எண்ணெய் வார்னிஷ் — தண்ணீர் உருண்டு ஓடுகிறது, ஆனால் வெள்ளைத் திமிங்கிலத்துக்கு மஞ்சள் காமாலை. கரைத்த பசை — சூடான கிண்ணத்தோடு காகிதமும் வந்துவிட்டது. தரையில் ஒட்டுகிற காகிதத்துக்கு அம்மா தேய்ப்பாளே, சோயாவை அரைத்து எண்ணெய் கலந்து — அதில் கடலே கறுத்துப்போனது.
தண்ணீரில் கரைகிற வார்னிஷ்தான் சரி. மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டு. கிம்ச்சி ஊறுகாய்ச் சாற்றை ஊற்றித் துடைத்தேன், கறை இல்லை. ஆனால் ஓரம் உப்பிவிட்டது. மேலே வழி கிடைக்காத தண்ணீர், வெட்டின விளிம்பு வழியாக நுழைகிறது. விளிம்புக்குத்தான் முதலில் பூச வேண்டும்.

பிப்ரவரி 17
பாழாப்போச்சு.
சீக்கிரம் காயட்டுமென்று காகிதம் ஒட்டிப் பூசின மேசையை, தரைக்கு அடியில் மூட்டுகிற சூடு அதிகமுள்ள மூலையில் வைத்தேன், விருந்தாளியை உட்காரவைக்கிற இடத்தில். காலையில் பார்த்தால் திமிங்கிலத்துக்கெல்லாம் அம்மை. காகிதம் முழுக்கக் கொப்புளம். ஈரப் பூச்சுக்கு எதுக்குடி விருந்தாளி மரியாதை? அவ மேசை கண்ணுல ஆடுது, அதான் எனக்கு இந்த அவசரம்.

பிப்ரவரி 18
உரித்தேன். மறுபடி ஒட்டினேன். சூடில்லாத வடக்கு அறை.

மார்ச் 2
இரண்டு மேசையும் பக்கத்தில் பக்கத்தில். டான்பி நேராக என் மேசைக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "திமிங்கிலத்துக்கும் பிறந்தநாள் சூப்பு!" என்று கிண்ணத்தையே கவிழ்த்தாள். துணியோடு ஓடினேன். துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை!
சம்பந்தி விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தாள். "இந்த ஓரம் எப்படி உரியாம நிக்குது, சம்பந்தியம்மா?"
"நல்ல காகிதம்" என்றேன். சொல்வேனா?

மார்ச் 16
டேகுவிலிருந்து போன். டான்பி அங்கே போய், திமிங்கிலம் இல்லாமல் சாப்பிடமாட்டேன் என்கிறாளாம். "வாய்விட்டுக் கேக்குறேன் சம்பந்தியம்மா, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க."
கேட்டுவிட்டாள்! இன்னொரு தரம் சொல்லவைத்தேன், காது சரியாகக் கேட்கவில்லை என்று.

மார்ச் 25
டேகு மேசைக்கு இன்று கடைசிப் பூச்சு. ஒரு விளிம்பை மட்டும் விட்டுவிட்டால் மழைக்காலத்துக்குள் உரிந்துவிடும். எனக்குத்தான் தெரியும். தூரிகையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
நான்கு விளிம்பிலும் இன்னொரு தரம் பூசினேன். டான்பி அங்கேயும் கவிழ்ப்பாள்.
பலகை மட்டும் பியோன் கடையிலேயே கனமானதாகப் பார்த்து வாங்கியது. மெத்தையைத் தூக்கினவள் இதையும் தூக்கிப் பார்க்கட்டும்.