எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

அன்பு மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எங்களுக்கு மூச்சும் நடமாட்டமும் குறைவில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்பதே என் ஜெபம். அப்பா உடம்பளவில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், ஞாபகம்தான் கைவிட்டுவிட்டது. நாற்பது பேர் உள்ள சபைக்குப் போதகராகப் போய், வேதாகமக் கல்லூரி முதல்வராகி, மூன்று முறை பாப்திஸ்து சபைகளின் ஐக்கியத்துக்கே தலைவராக இருந்தவர், வேதத்தில் ஓர் எழுத்தும் பிசகில்லை என்று ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியவர், இப்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு என்னையே யாரும்மா நீங்க என்று கேட்கிறார்.

ஆனால் காலை பத்து மணி ஆனதும் நிமிர்ந்துவிடுகிறார். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம் என்கிறார். காலி நாற்காலிகளை விரல் நீட்டி எண்ணி, நூத்துப் பதினாறு என்கிறார். அப்புறம் எதிர்க்கிறவங்க என்று கேட்டு, ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து, ஒண்ணு என்கிறார், முகம் வெளிறிப்போகிறது. தீர்மானம் நிறைவேறியது என்று மேசையைத் தட்டிவிட்டு மறுபடி குழந்தையாகிவிடுகிறார். மறதியில் இப்படியெல்லாம் வரும் என்றார் டாக்டர், நானும் தலையாட்டினேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் மட்டும் அந்த நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டாள். போன வாரம் சபையின் பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பெண்பிள்ளை நீ பிரசங்க மேடை ஏறிப் பேசியதற்காக உன்னைச் சபையைவிட்டு நீக்கினார்களே, அந்த நாள். ஆதரவு நூற்றுப் பதினாறு, எதிர்ப்பு யாருமில்லை, கீழே அப்பாவின் கையெழுத்து. அப்படியானால் ஜன்னலோரத்தில் அவர் எண்ணுகிற அந்த ஒன்று யார் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் சபையில் போதகரானாலும் தலைவரானாலும் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது, எல்லார் கையும் வேண்டும், யாரைப் பற்றிய பேச்சோ அவர் வெளியே நிற்கவேண்டும், முடிந்ததும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லவேண்டும், உனக்குத் தெரியாததா. அன்றைக்கு உன்னை யாரும் கூப்பிடவில்லை, வராந்தாவில் நின்று நின்று போய்விட்டாய். நான் கை தூக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அந்த நூற்றுப் பதினாறில் நானும் உண்டு. தலைவர் மனைவி முன்வரிசையில் சும்மா இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். பதினோரு வருஷமாக மனசை அரிக்கிறது, மன்னித்துவிடு கண்ணு.

நேற்று அவர் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை, எதிர்க்கிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்தார். மேசையைத் தட்டவும் இல்லை. வெளிய நிக்கிற பிள்ளையக் கூப்பிடுங்க என்றார். அவர் மனசுக்காக அழுதுகொண்டே போய் வாசல் கதவைத் திறந்தேன். அவர் வாசலைப் பார்த்துச் சிரித்து, உள்ள வாம்மா, ஏன் இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கே என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளியே வெயில் கொளுத்துகிறது, ஒருவரும் இல்லை. அப்போதிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டேன், நீ எடுக்கவில்லை, வேலையாக இருந்திருப்பாய்.

கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தண்ணீர் பக்கம் போகாதே. இது கிடைத்ததும் உன் கைப்பட ஒரு வரி எழுது, மறந்துவிடாதே. அப்பா இன்னமும் அந்தப் பக்கத்து நாற்காலியைப் பார்த்து உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறார், நீ அங்கே உன் ஊரில்தான் இருக்கிறாய் என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும்.

உன் அம்மா