நாலு எலுமிச்சம்பழம்

செங்கல்பட்டு
24.11.2025

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்தான், மழை பிடித்ததிலிருந்து அவள் முழங்கால்தான் படுத்துகிறது. அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பத்திரமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறோம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமையோடு நம் கார் ஷோரூமை மூடிவிட்டார்கள். புது வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிச் சாவி கொடுக்கிற என் வேலை இருபத்தாறு வருஷத்தோடு முடிந்தது. அணுபுரத்து அணுமின் நிலைய ஆபீசர்களெல்லாம் நம் நாட்டு வண்டி என்று மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய கார் நாங்கள் விற்றது. இப்போது சிறுசேரி ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வந்து உள்ளே எட்டிப் பார்த்து, பெரிய ஸ்கிரீன் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடிபட்ட ஒரு பம்பரை மாற்ற நாற்பது நாள் காத்திருக்கச் சொன்னால் யார்தான் வாங்குவார்கள். ஆடிக்குப் பிறகு ஐந்து வண்டிகூடப் போகவில்லை.

விற்காத மூன்று வண்டியையும் அன்றைக்கே லாரியில் ஏற்றிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நான் வழக்கம்போல் காலையில் மார்க்கெட்டில் பழம் வாங்கிப் போயிருக்கிறேன் பார். முதல் வண்டியை வெளியே எடுத்ததும் நாலு டயருக்கும் வைத்துக் கற்பூரமும் கொளுத்திவிட்டேன். லாரி டிரைவர் சடையப்பன் சிரித்துக்கொண்டே, இன்னா அண்ணாத்த, திரும்பிப் போற வண்டிக்கு இன்னாத்துக்குப் பூஜை என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேர் எதிரில் அழுதுவிட்டேன் மகளே. கற்பூரம் தானாக அணைகிற வரைக்கும் அவன் வண்டியை லாரியில் ஏற்றவில்லை, நல்ல மனுஷன்.

எங்களுக்காக நீ வேறு கம்பெனிக் காரை புக் செய்ததிலிருந்து நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. என் மகளே என் வண்டியை வேண்டாமென்றுவிட்டாளே என்று இருந்தது. உன் அம்மா அன்றைக்கே சொன்னாள், என் முட்டிக்கு ஏறி எறங்க சுளுவா கீற வண்டியா அவ தேடிகினு கீறா, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீறியே என்று. அவள் சொன்னதுதான் சரி. நீ செய்ததும் சரி. அப்பாவை மன்னித்துவிடு.

வெளியில் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பொங்கலுக்கு நீ வந்து வண்டி எடுக்கும்போது நானும் வருகிறேன். அந்த ஷோரூம்காரர்களிடம் மறக்காமல் சொல்லிவை, பழம் அவர்கள் வைக்க வேண்டாம், நான் கொண்டுவருகிறேன்.

உன் அப்பா,
கோதண்டராமன்