குக்கர் விசிலும் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளும்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உனக்கு வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். யாரும் கோள்மூட்டவில்லை. மூன்று வாரமாக ஆபீஸ் நேரத்தில் நான் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய், பின்னாலே குக்கர் விசில் அடிக்கிறது. எந்த ஊர் மீட்டிங்கிலடா குக்கர் வைக்கிறார்கள்? அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை, நீயே சொல்லிக்கொள்.

இங்கே ஒரு நல்ல சேதி. எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள், கூடவே இங்கிலீஷ் மட்டும் பேசும் மேனேஜரும் வந்திருக்கிறார். பிரிவுக்குத் தலைமை யார் என்று முடிவுசெய்ய அவர் இன்டர்வியூ வைத்தார். தங்கச்சி ஒரு வாரம் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். நோ என்றால் தெரியும், இல்லை என்கிற நோ வேறாம், அண்டர்ஸ்டாண்ட் என்றால் புரியும், இரண்டையும் குழப்பாதே என்றாள். அது என்ன பிரமாதம், நம்மிடமும்தான் இருக்கிறது என்றேன். ரியலைஸ்தான் மண்டையில் ஏறவில்லை. "கண்ணு முன்னாடியே கிடந்தது இப்பத்தான் உறைக்குதுன்னா, அதும்மா" என்றாள். எனக்கெல்லாம் எதுவும் உடனே உறைத்துவிடும், அந்த வார்த்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் போன நாலு பேரும் எது கேட்டாலும் அண்டர்ஸ்டாண்ட் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். நான் கையாலும் வாயாலுமாகச் சொன்னேன், எந்தப் பொத்தான் எதற்கென்று நோ, ஆனால் ரத்தக்கறைத் துணிக்கு எடுத்த எடுப்பிலேயே வெந்நீர் விடுகிறதே, கறை அப்படியே பிடித்துக்கொள்ளுமே, அது ஏன் என்று நாட் அண்டர்ஸ்டாண்ட். மனிதர் மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். மெஷினை மாட்டியவன்தான் தப்பாக வைத்திருக்கிறான். தலைமை எனக்குத்தான், பின்னே!

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் உன் பேச்சை எடுத்தேன். அவன் வேலை போனது நோ, என்னிடம் ஏன் மறைத்தான் என்பதுதான் நாட் அண்டர்ஸ்டாண்ட் என்றேன். "அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நீதான் தெரியும் தெரியும்னு முந்திக்கிறியே" என்றாள். சுருக்கென்றது. நீ கணக்கில் கோட்டைவிட்ட அன்றும், சைக்கிளோடு விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்ற அன்றும் நான் அப்படித்தான் சொன்னேன். ஏன் என்று மெஷினைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவளுக்கு, பெற்ற பிள்ளையிடம் கேட்கத் தோன்றவில்லை. ரியலைஸ் என்றால் என்னவென்று இப்போது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்தக் கடிதத்தையும் தெரியும் என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன் பார். அதை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

வேறு வேலை கிடைக்கும், நீ கெட்டிக்காரன், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மகராசனாக இரு. குக்கருக்கு ரப்பரை மாற்று, விசில் இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்து, நடந்ததை முதலிலிருந்து சொல். எனக்கு ஒன்றுமே தெரியாது.

குறுக்கே பேசாமல் கேட்கப்போகும்,
அம்மா