மூன்று பேரீச்சம்பழமும் அரைக் கோப்பை ஸம்ஸமும்

மருதமுனை,
செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பு மகள் அம்ஹாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா வீட்டுக்கு வந்துவிட்டா, எழும்பி நடக்கிறா, தையல் போட்ட இடம் காய்ந்துவிட்டது, என்னை ஏசுவதற்கு வேண்டிய குரலும் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். உன்னுடைய சுகத்தையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சுகத்தையும் மருமகன் ஸாஜித்தின் சுகத்தையும் ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நாள் தவறாமல் போனில் முகம் பார்க்கிற காலத்தில் வாப்பாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது மகள். அங்கே வேலை செய்யும் நம் ஊர் மசூர் லீவு முடிந்து சனிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உனக்கு ஒப்பரேஷன் செய்துதான் பிள்ளையை எடுப்பது என்று நாள் குறித்துவிட்டார்கள், இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, அதற்கு முன் நீ இதை வாசிக்க வேண்டும்.

உம்மாவைப் பித்தப்பைக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த கதையை முதலில் இருந்து சொல்கிறேன், உனக்கும் உதவும். கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன், குடிக்கிற மருந்துக் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போ, குளிசையின் பெயர் தெரியாவிட்டால் மட்டையோடு கொண்டு போ. நகையை வீட்டிலேயே கழற்றி வை. உன் நஸீறா சாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போகிற கூடப்பிறந்த ராத்தா வடிவாகப் போகட்டும் என்று உம்மாவின் பத்து விரலுக்கும் மருதோன்றி போட்டுவிட்டா. விரலில் ஒரு கிளிப் மாட்டித்தான் மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிறார்களாம், நகத்தில் சாயம் இருந்தால் அது சரியாகக் காட்டாதாம். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் அன்ரனீற்றா மிஸ் என்று ஒரு தாதி, சொறிக்கல்முனைப் பிள்ளை, கலியாண வீட்டுக்கா அம்மா வெளிக்கிட்டு வந்தீங்க என்று கேட்டுச் சிரித்துவிட்டு, காது மடலில் மாட்டிப் பார்த்தா. நீ மருதோன்றி போடுவதென்றால் பிள்ளை கைக்கு வந்த பிறகு போடு. அடுத்தது பார்க்க வருகிற சனம். நோயாளியைப் பார்க்கப் போவது நமக்கு நபி காட்டிய ஸுன்னத், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஊர் முழுக்க ஒரே பின்னேரத்தில் ஸுன்னத்தை நிறைவேற்ற வந்தால் நோயாளி எங்கே போவது. ஒரு வேன் நிறைய வந்தார்கள், கட்டிலில் நாலு பேர் ஏறி இருந்தார்கள், ஒருத்தி கஞ்சி, ஒருத்தி தம்பிலி இளநீர், இன்னொருத்தி தன் மாமி இதே ஒப்பரேஷனில்தான் மௌத்தாகிக் கண்ணை மூடினா என்று விலாவாரியாகக் கதை. முப்பது வருஷம் கல்முனை டிப்போவில் கண்டக்டராக இருந்தவன் நான், இடமில்லாத இடத்தில் ஆட்களை ஏற்றத் தெரியும், ஏறியவர்களை இடைவழியில் இறக்கத் தெரியாது. உன்னைப் பார்க்க வருகிறவர்களை இரண்டு பேராக வரச் சொல்லு, பத்து நிமிஷம் போதும், இருமல் தடிமன் உள்ளவர்கள் வீட்டில் இருந்தே துஆக் கேட்கட்டும்.

இனித்தான் விஷயம். மறுநாள் காலையில் ஒப்பரேஷன் என்பதால் வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று எழுதிய மட்டையை உம்மாவின் கட்டிலில் கொழுவிவிட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அதை உரத்து வாசித்துக் காட்டியவன் நான்தான். கஞ்சியைத் திருப்பி அனுப்பினேன், தம்பிலியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தேன், சட்டம் என்றால் சட்டம் என்று நின்றேன். விடிந்ததும் உடுப்புப் பை கொடுக்க ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அப்போது உம்மா மெதுவாகக் கேட்டா, மகள் மக்காவுக்கு உம்றா போய் அனுப்பின தண்ணி எங்க, ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போக முந்திக் குடிக்கச் சொல்லித்தானே மசூர்ர கையில குடுத்துவிட்டவள் என்று. ஓம், அதுவும் சரிதான் என்று நானும் எடுத்தேன். மூன்று பேரீச்சம்பழம், அரைக் கோப்பை அந்த ஸம்ஸம் தண்ணீர், பிஸ்மி சொல்லிக் கொடுத்தேன், அவவும் நோய் தீர ஷிபாவுக்கென்று நிய்யத்து வைத்துக் குடித்தா. சத்தியமாகச் சொல்கிறேன் மகள், அந்த மட்டை எங்கள் இரண்டு பேருடைய ஞாபகத்துக்கும் வரவில்லை. கஞ்சிதான் சாப்பாடு, இது பரக்கத்து. கொஞ்ச நேரத்தில் அன்ரனீற்றா மிஸ் வந்து ஏதும் சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒரே வாயாக இல்லை என்றோம்.

உம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டு போகிறார்கள், நானும் நஸீறாவும் பின்னால் போகிறோம். நஸீறா சும்மா ஒரு பேச்சுக்கு, ஏன் மிஸ் தண்ணியும் குடுக்கப்படாது என்று கேட்டா. மயக்க மருந்து குடுத்தா வயித்தில இருக்கிறது மேல வந்திரும், நெஞ்சுக்குள்ள போய் மூச்சு அடைச்சிரும், அதுதான் மூணு தரம் கேக்கிற என்று அந்தப் பிள்ளை நடந்துகொண்டே சொன்னா. அப்போதுதான் விடியக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஸம்ஸம் கெடுதி செய்யுமா, படைத்த றப்பு காப்பாற்ற மாட்டானா என்று ஒரு மனம், வாய்க்குள் மூன்று பழம் போனது போனதுதானே என்று இன்னொரு மனம். சொன்னால் எல்லாருக்கும் முன்னால் பொய்க்காரன் ஆவேன் என்கிற வெட்கம் வேறு. தியேட்டர் கதவு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை மகள். கதவைத் திறந்தபோதுதான் மிஸ்ஸின் கையைப் பிடிக்காத குறையாக உள்ளதைச் சொன்னேன். டொக்டர் வெளியே வந்து ஏசுவார் என்று நின்றேன், அவரோ இப்பவாவது சொன்னீங்களே என்று மட்டும் சொல்லிவிட்டு, வியாழக்கிழமைக்கு மாற்றினார்.

அன்று நீ போன் எடுத்தபோது டொக்டர் லீவு என்று உம்மா கேட்கக் கேட்கச் சொன்னேன். அது பொய். நீ அனுப்பிய தண்ணீரால் என்று தெரிந்தால் பிள்ளைத்தாய்ச்சி மனம் வருந்துவாய் என்று நினைத்தேன், பாதி என் வெட்கம். அதற்குப் பிறகு நாலு நாள் உம்மா என்னோடு கதைக்கவில்லை. வாட்டில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமை ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்து, குடிக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, அன்ரனீற்றா மிஸ்தான் தேடி வந்து, அந்தத் தண்ணி இரிக்கா ஐயா, இப்ப குடுக்கலாம் என்று தானே கரண்டியால் பருக்கினா. இரண்டு கரண்டி குடித்துவிட்டு உம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் கதை இதுதான். மகளுக்குப் பொய் சொல்லிப் போட்டீங்க, நாளைக்கு அவளும் அந்த மேசையில படுக்கப் போறவள், அவளுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற என்று கேட்டா. அதற்காகத்தான் இந்தக் கடிதம், எழுதுகிறேனா என்று பார்க்க உம்மா எதிரே கதிரை போட்டு இருக்கிறா.

ஆகவே மகள், தண்ணீரைக் குறை சொல்லாதே, உன்னையும் குறை சொல்லாதே, நேரம் தெரியாமல் கொடுத்தது நான். எப்போது வரைக்கும் குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வை, ஸம்ஸம், தேன், கருஞ்சீரகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேள். ஸாஜித்துக்கும் சொல்லு, நல்ல பிள்ளை, என்னைப் போல பாசத்தில் எதையும் ஊட்டிவிடுவார். பிறந்த பிள்ளையின் வாயில் இனிப்புத் தடவுவதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்துச் சுகமாகத் தருவான், ஆமீன். உம்மா வர முடியாது, நானும் வர முடியாது, அந்தக் கதவடியில் தெரியாத ஒரு தாதி உன்னிடம் கேட்பா. வெட்கப்படாதே. உன் வாப்பா அவ்வளவு தூரம் நடந்த பிறகு சொன்னதை நீ முதல் கேள்விக்கே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் வாப்பா,
றவூப்.