சுடாத கால்

இன்று காலை கிளினிக் வாசலைக் கூட்டிய ராஜாத்தி ஒரு ரப்பர் செருப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "யாரு செருப்புன்னு தெரியல டாக்டர். ஆணி ஏறி மேல வந்து நிக்குது. ரத்தம்கூடக் காஞ்சிருக்கு" என்றாள். விசாரித்தால், போடியிலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரியுடையது. எட்டு வருஷமாகச் சர்க்கரை. பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த ஆணிமேல்தான் நடந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை.

எனக்கு உன் நினைப்பு வந்தது. நினைப்பு என்ன, கோபம்தான் வந்தது. நீ போய் நாலு வருஷமாகியும் உன்மேல் உள்ள கோபம் ஆறவில்லை. என்மேல் உள்ளதைச் சொல்லவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. நான் டாக்டராகித் தேனியில் கிளினிக் போட்டேன்; நீ ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாய். உனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தவனும் நான்தான். "ஏலே மாப்ள, திராட்சைக்காரனுக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்று சிரித்தாய். அதற்கப்புறம் எல்லாமே நமக்குச் சிரிப்புதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாய். அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து கம்பங்கூழும், வேளை தவறாமல் மாத்திரையும். ரத்தம் கொடுத்துவிட்டு நேரே பரோட்டாக் கடை. ரிப்போர்ட் மட்டும் பத்தரை மாற்றுத் தங்கம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்டை எழுதிக்கொடுத்தால், "பரீட்சையில பாஸான பெறகு, தினமும் படிச்சியான்னு கேப்பியா?" என்பாய். நானும் விட்டுவிடுவேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்வாய். நான் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டுவேன். கூடப் படித்தவனின் காலைப் பிடித்துப் பார்ப்பதாவது என்ற கூச்சம் எனக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால், சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு நீ அக்கினிச் சட்டி எடுத்தாய். மறுநாள் வேப்பிலையும் திருநீறுமாக என் வீட்டுக்கு வந்தாய். பின்னால் உன் மனைவி, முகமெல்லாம் பெருமையாக.

"தார் ரோடு கொதிக்குது மாப்ள. அங்கன எல்லாரும் தத்தித் தத்தி ஓடுறாக. எனக்குச் சுடவே இல்ல. ஆத்தா பூவ விரிச்சுல்ல விட்டிருந்தா!"

வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருப்பேன். சர்க்கரை நாள்பட்டால் கால் மரத்துப்போகும் என்பது முதல் பாடம். அந்த நிமிஷம் எனக்கும் தோன்றியது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். ஆத்தா கொடுத்த அருளை நோய் என்று எந்த வாயால் சொல்வது? திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டேன். அடுத்த தடவை கிளினிக்குக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

உள்ளங்காலில் கொப்புளம் அன்றைக்கே இருந்திருக்கிறது. வலிக்காத புண்ணை யார் பார்ப்பார்கள்? அதோடு பதினைந்து நாள் தோட்டத்துச் சேற்றில் நின்றிருக்கிறாய். நாற்றம் அடித்த பிறகுதான் உன் மனைவி கவனித்து இழுத்து வந்தாள். மதுரையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா கைவிட்டுட்டா மாப்ள" என்றாய்.

கைவிட்டது நான். அதையும் அன்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

இன்று அந்த வியாபாரியின் முன்னால் மண்டி போட்டேன். "ஐயையோ, நீங்க போயி என் காலத் தொடலாமா?" என்று பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "சும்மா இருங்க" என்று அதட்டினேன். இப்போதெல்லாம் எல்லோரையும் அதட்டுகிறேன். சரியான முசுடு என்று ஊரில் பேர். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பெருவிரல்களையும் மாற்றி மாற்றித் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

யாருடைய பெருவிரல்களைத் தொட்டாலும் எனக்கு உன் வீட்டு வாசல் கண்முன் வந்துவிடுகிறது. உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி கிழித்து வந்தவர், ஒற்றைக் காலைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். உன் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அவுக ஒங்ககிட்டதான காட்டுனாக?"

நான் தலையாட்டினேன். கட்ட முடியாமல்போன அந்தத் துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அது என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.